சேலத்திலிருந்து ஓர் இத்தாலிய விருந்துக்கு: மேசை சொல்லிவைப்பது முதல் பில் கட்டுவது வரை

சில வருடங்களுக்கு முன் அப்பாவையும் அம்மாவையும் முதல்முறையாக ஒரு பெரிய இத்தாலிய உணவகத்துக்குக் கூட்டிப்போனேன். அம்மா முட்டைகூடச் சாப்பிடாத சைவம். காய்கறி சூப் என்று மெனுவில் போட்டிருந்ததை நம்பி மினெஸ்த்ரோனே சொன்னோம். இரண்டு கரண்டி குடித்த பிறகு, பரிமாறியவர் பேச்சுவாக்கில் சொன்னார், அது கோழி எலும்புச் சாற்றில் கொதிக்கவைத்தது என்று. அம்மா யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். அன்று இரவு வேறெதையும் அவர் தொடவில்லை.

அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. சூப்பில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். வெள்ளை மேசைவிரிப்பும், வரிசையாக அடுக்கிய கத்தியும் முள்கரண்டியும், வாயில் நுழையாத பெயர்களும் சேர்ந்து என்னைக் கேட்கவிடவில்லை. அதற்கப்புறம் இந்தச் சமையலைப் பற்றி நிறையப் படித்தேன், வீட்டில் செய்து பார்த்தேன், போகிற இடங்களில் கூச்சப்படாமல் கேட்கப் பழகினேன். அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாளுக்கு ஏற்காட்டில் இத்தாலியச் சமையல் நன்றாகச் செய்கிற ஒரு விடுதியில் மேசை சொன்னேன். அதே அம்மா இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து, சிரித்துப் பேசி, தட்டைக் காலி செய்தார். இந்த இரண்டு இரவுகளுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை, வீட்டுப் பெரியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகப்போகிற நம் ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் நாளைப் பாருங்கள்

காலண்டரை எடுத்து அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி ஏதாவது அந்தத் தேதியில் விழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் காப்புக் கட்டியிருக்கிற வீடாக இருந்தால் அந்த வாரங்களை விட்டுவிடுவதே நல்லது. மேசையில் பாதிப் பேர் விரதம், பாதிப் பேர் இறைச்சி என்றால் யாருக்கும் நிம்மதி இருக்காது.

ஏற்காடு என்றால் மே மாதக் கோடை விழா நாட்களையும் நீண்ட விடுமுறைகளையும் தவிருங்கள். மலைப்பாதையில் வண்டி நகராது, சமையலறையும் திணறும். என் அனுபவத்தில் செவ்வாயிலிருந்து வியாழன் வரை நல்ல நாட்கள். கூட்டம் குறைவு, தலைமைச் சமையல்காரரே வெளியே வந்து பேசுவார். மழைக்காலத்தில் மட்டும் கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று விடுதியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் பேச வேண்டியது

இரண்டு நாள் முன்னால் அழையுங்கள். எத்தனை பேர், எத்தனை மணி என்பதோடு நிறுத்தாமல், மெனுவை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புவார்கள். வீட்டில் சோபாவில் உட்கார்ந்து படித்தால் பாதிப் பயம் போய்விடும்.

அப்புறம் நான்கு கேள்விகள். பாஸ்தா அங்கேயே பிசைந்து செய்வதா, பாக்கெட்டில் வருவதா? காய்கறிச் சாறு தனியாக வைக்கிறார்களா, எல்லாவற்றுக்கும் ஒரே கோழிச் சாறுதானா? எந்த சீஸ் பயன்படுத்துகிறார்கள்? பீட்சாவுக்கு விறகு அடுப்பு உண்டா? இந்த நான்குக்கும் தடுமாறாமல் பதில் வந்தால் அது நல்ல சமையலறை. “எல்லாம் இருக்குங்க, நீங்க வாங்க” என்று மட்டும் சொன்னால், நான் வேறு இடம் பார்ப்பேன்.

உடை பற்றியும் கேட்கிறார்கள். சுத்தமாக, மடிப்புக் கலையாமல் இருந்தால் போதும். அப்பா வேட்டியில்தான் வந்தார். வேட்டி கட்டியவரை உள்ளே விடமாட்டோம் என்று கிளப்புகள் முதலிய பொது இடங்களில் சொல்லக் கூடாது என்று 2014-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்திருக்கிறது. மலைமேல் ராத்திரி குளிரும், ஆளுக்கொரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது

அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறினாலும் குமட்டும், வெறும் வயிற்றில் ஏறினாலும் குமட்டும். மதியம் அளவாகச் சாப்பிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே ஏறி, ஏரிக்கரையில் ஒரு சுற்று நடந்துவிட்டு ஏழரை மணிக்கு மேசைக்குப் போனோம். நடந்த பிறகு வருகிற பசி தனி.

வண்டி ஓட்டுகிறவர் ஒயின் தொடக் கூடாது. இதில் ‘ஒரு கிளாஸ் மட்டும்’ என்ற பேச்சே வேண்டாம்.

பெயர்களை வாசிப்பது: இதில் நமக்கு ஒரு கொடுப்பினை

மெனுவைக் கையில் வாங்கியதும் பலரும் தயங்குவது பெயர்களில்தான். ஆனால் ஆங்கிலம் வழியாக வாசிக்காமல் தமிழ் வழியாக வாசித்தால் இத்தாலியப் பெயர்கள் நம் நாக்குக்கு அழகாக வரும்.

அவர்களுடைய ‘டி’ (t) எழுத்து நம் த-தான். ஆகவே பாஸ்டா இல்லை, பாஸ்தா. ரிசோட்டோ இல்லை, ரிசோத்தோ. ஜி, என் (gn) இரண்டும் சேர்ந்து வந்தால் அது அப்படியே நம் ஞ. உருளைக்கிழங்கில் செய்கிற சின்னச் சின்ன உருண்டைகளுக்கு ஞொக்கி என்று பெயர். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அந்தச் சொல்லைப் பார்த்துத் திணறுவார்கள், ஞாயிற்றுக்கிழமை சொல்லத் தெரிந்த நமக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை. லசாஞாவும் அப்படித்தான். சி, எச் (ch) சேர்ந்து வந்தால் ‘க’ ஒலி. அதனால் புருஸ்கெத்தா, புருஷெட்டா இல்லை. இரட்டை எழுத்து வந்தால் அழுத்திச் சொல்ல வேண்டும். புளி வேறு, புள்ளி வேறு என்று நமக்குத் தெரியுமே, அதேபோல அவர்களுக்கு பாலா என்றால் மண்வாரி, பால்லா என்றால் பந்து.

பரிமாறுகிறவர் வேறு மாதிரி உச்சரித்தால் திருத்த வேண்டாம். இது நம் தைரியத்துக்காகத் தெரிந்துகொள்வது. விரலால் சுட்டிக்காட்டிச் சொன்னாலும் சாப்பாடு ஒன்றுதான்.

இலை, தட்டு, வரிசை

இலைச் சாப்பாட்டில் கூட்டு, பொரியல், ஊறுகாய், அப்பளம் எல்லாம் முதலிலேயே இலையில் வந்து உட்கார்ந்துவிடும். சோறு மட்டும் சாம்பாருக்கு ஒருமுறை, ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று வரிசையாக வரும். இத்தாலியச் சாப்பாட்டில் எல்லாமே அந்தச் சோறு மாதிரி. ஒன்று முடிந்து, தட்டு போய், அடுத்தது வரும்.

முதலில் அந்திபாஸ்தி. சாப்பாட்டுக்கு முந்தியது என்று பொருள். அடுத்து ப்ரீமோ, அதாவது முதல் தட்டு. பாஸ்தா, குழைவான அரிசிச் சோறான ரிசோத்தோ, சூப் எல்லாம் இங்கேதான். அப்புறம் செகொந்தோ, இரண்டாம் தட்டு, மீன் அல்லது இறைச்சி. அதற்குத் துணையாக நம் பொரியல் போல வருகிற காய்கறி கொந்தோர்னோ. கடைசியில் தோல்ச்சே, இனிப்பு. அதற்கும் பின்னால் காபி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். பாஸ்தா அவர்களுக்கு நடுவழி. அது தான் மொத்தச் சாப்பாடும் என்று நினைத்து ஆளுக்கொரு பெரிய தட்டு சொல்லிவிட்டு, அதிலேயே வயிறு நிறைந்து உட்கார்ந்திருப்பதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. நான்கு பேருக்கு நாங்கள் சொன்னது: அந்திபாஸ்தி இரண்டு, பாஸ்தா ஒன்று, ரிசோத்தோ ஒன்று, பீட்சா ஒன்று, அப்பாவுக்காக ஒரு மீன், இனிப்பு இரண்டு. எல்லாவற்றையும் நடுவில் வைத்துப் பகிர்ந்தோம். இத்தாலியில் பாஸ்தாவை ஆளுக்கொரு தட்டாகத்தான் சாப்பிடுவார்கள். நம் வீட்டுக்குப் பகிர்வதுதான் இயல்பு, காலித் தட்டுகள் கேட்டால் மகிழ்ச்சியாகக் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுப்பில் போட்டுவிட வேண்டாம், ஒவ்வொன்றாக வரட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பல இடங்களில் மொத்தமும் ஒன்றாக வந்து ஆறிப்போகும்.

உட்கார்ந்ததும் தண்ணீர் எது வேண்டும் என்று கேட்பார்கள். பாட்டில் தண்ணீருக்குத் தனி விலை. சாதாரணக் குடிநீர் போதும் என்றால் அப்படியே சொல்லுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் முதலில் வரும். பசியில் அதைத் தின்று தீர்த்துவிடாதீர்கள். ஒரு துண்டைக் கடைசிவரை வைத்திருங்கள். பாஸ்தா தீர்ந்ததும் தட்டில் மிஞ்சுகிற சாற்றை ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவதற்கு இத்தாலியர்கள் ஸ்கார்பெத்தா என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அவசியம் கேட்க வேண்டியவை

இந்தப் பகுதியைத்தான் நிறுத்தி நிதானமாக எழுத நினைத்தேன். மெனுவில் பச்சைப் புள்ளி இருந்தாலும் கேளுங்கள். நாக்குக்குத் தெரியாமல் உள்ளே போவதுதான் இங்கே சிக்கல்.

சாறு: சூப்புக்கும் ரிசோத்தோவுக்கும் அடிப்படை ஏதோ ஒரு சாறு. காய்கறி ரிசோத்தோ என்று பெயர் இருந்தாலும் அரிசி வெந்தது கோழிச் சாற்றிலாக இருக்கலாம். எங்களுக்கு நடந்தது இதுதான்.

சீஸ்: பார்மிஜானோ ரெஜானோ, கிரானா பதானோ, பெக்கோரினோ ரோமானோ மூன்றையும் இத்தாலிய முறைப்படி செய்யும்போது பாலை உறையவைக்க கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற ரென்னெட்டைச் சேர்க்கிறார்கள். இந்தியாவில் தயாராகிற பெரும்பாலான சீஸ்களுக்கு நுண்ணுயிரிலிருந்து வருகிற ரென்னெட், அவற்றின் உறையில் பச்சைப் புள்ளி இருக்கும். “தம்பி, மேலே தூவுற சீஸ் பாக்கெட்டுல பச்சைப் புள்ளி இருக்குதா, கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?” என்று கேட்டேன். அந்தப் பையன் சமையலறைக்குப் போய் பாக்கெட்டையே எடுத்துவந்து காட்டினான். துளசி போல மணக்கிற பேசில் இலையை அரைத்துச் செய்யும் பெஸ்தோவிலும் இந்த சீஸ் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

முட்டை: உலர் பாஸ்தா வெறும் கோதுமை ரவையும் தண்ணீரும். அங்கேயே புதிதாகப் பிசைந்து செய்வதில் பெரும்பாலும் முட்டை இருக்கும். தாலியதெல்லே, ராவியோலி, லசாஞாத் தகடு எல்லாம் அப்படித்தான். ஞொக்கியிலும் சில சமையல்காரர்கள் முட்டை சேர்ப்பார்கள். ஆகவே முட்டை சாப்பிடாதவர்களுக்கு நூல் போல நீளமான ஸ்பகெத்தி, குட்டைக் குழல்களான பென்னே போன்ற உலர் வகைதான் நிம்மதி. மற்ற இடங்களில் புதிய பாஸ்தா உயர்வு என்பார்கள். உலர் பாஸ்தா மட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம், தெற்கு இத்தாலியின் பெருமையே அதுதான்.

மீன்: சீசர் சாலட்டின் குழம்பில் நெத்திலி வகை மீன் கரைந்திருக்கும். புத்தனேஸ்கா என்ற தக்காளிச் சாற்றிலும் அதே மீன். கண்ணுக்குத் தெரியாது.

இனிப்பு: திராமிசுவில் முட்டை மரபு, சில இடங்களில் மதுவும் சேரும். பன்னா கோத்தா ஜெலட்டினால் உறைவது, அது விலங்கிலிருந்து வருவது. அகர் அகர், அதாவது நம் கடல்பாசியால் உறையவைக்கிறார்களா என்று கேளுங்கள். ஜெலாத்தோ என்கிற இத்தாலிய ஐஸ்கிரீமிலும் சில வகைகளில் மஞ்சள் கரு உண்டு.

பட்டியல் நீளமாக இருக்கிறதே, அப்படியானால் எதைத்தான் சாப்பிடுவது? நிறைய இருக்கிறது. தக்காளியும் மிளகாயும் போட்ட பென்னே அராபியாத்தா. பூண்டையும் மிளகாயையும் ஆலிவ் எண்ணெயில் வதக்கிப் புரட்டிய ஸ்பகெத்தி ஆலியோ எ ஓலியோ. தக்காளி, பூண்டு, ஒரெகானோ மட்டும் வைத்து, சீஸே இல்லாத மரினாரா பீட்சா. மரினாராவும் அராபியாத்தாவும்தான் அம்மாவுக்கு அன்று மிகவும் பிடித்தவை. பூண்டு, வெங்காயம் இரண்டுமே ஆகாதவர்களுக்கு மட்டும் இந்தச் சமையல் கஷ்டம்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. புரோஷுத்தோ, பன்சேத்தா, குவான்சாலே எல்லாம் பன்றி. பிரெசாவோலா மாடு. போலொஞேசே என்ற கறிச்சாற்றில் பெரும்பாலும் மாடும் பன்றியும் சேர்ந்திருக்கும், நம் பக்கம் சில இடங்களில் ஆட்டுக்கறியில் செய்கிறார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

எதைச் சொல்வது

புருஸ்கெத்தாவில் தொடங்குங்கள். சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, தக்காளியை நறுக்கி வைப்பது. நம் ஊர்த் தட்டுவடை செட்டைக் கையில் வாங்கியதும் எப்படி உடனே வாயில் போடுவோமோ, இதையும் அப்படியே சாப்பிட வேண்டும். ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் ஊறிவிடும். புர்ராத்தா கிடைத்தால் அதையும் சொல்லுங்கள். வெளியே மொசரெல்லாப் பை, உள்ளே பாலேட்டில் ஊறிய சீஸ் இழைகள். வெட்டினால் வழிந்து ஓடும். தயிரும் வெண்ணெயும் விரும்புகிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகிறது.

பாஸ்தாவில் நம்மவர்கள் எல்லோரும் வெள்ளைச் சாறா, சிவப்புச் சாறா என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறோம். நல்ல உணவகத்துக்கு இவ்வளவு செலவழித்து வந்து பாலேட்டில் மூழ்கிய பாஸ்தாவைச் சாப்பிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ரோமாபுரியின் கார்போனாராவில் பாலேடே கிடையாது. முட்டை, பெக்கோரினோ, மிளகு, பன்றிக் கன்னக்கறி, அவ்வளவுதான். அதே ஊரின் காச்சோ எ பெப்பே இன்னும் எளிது. சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், மூன்றே பொருள். சேர்வராயன் மலையில் மரத்துக்கு மரம் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. அந்த மிளகை அப்போதே இடித்துப் போட்ட காச்சோ எ பெப்பேயை ஏற்காட்டில் சாப்பிட்டபோது, இந்தத் தட்டு இங்கேயே பிறந்திருக்கலாமே என்று தோன்றியது.

பாஸ்தா கொஞ்சம் வேகாதது போலிருக்கும். ‘அல் தெந்தே’, பல்லுக்குத் தட்டுப்படுகிற பதம். நடுவில் மாவு வெள்ளையாகத் தெரிந்தால்தான் குறை. மலைமேல் ஒரு விஷயம் கூடுதலாக உண்டு. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகிறது என்று ஏற்காட்டுக்காரர்கள் சொல்வது இதனால்தான். பாஸ்தாவுக்கும் ஓரிரு நிமிடம் கூட வேண்டும். சேலத்துப் பழக்கத்தில் கடிகாரம் பார்த்து இறக்குகிற சமையல்காரர் கையில் மாவு வாசனை நிற்கும். அப்படி வந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். பல்லில்லாத பெரியவர்களுக்குக் குழைவாக வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால் செய்துதருவார்கள்.

ரிசோத்தோவை நான் பெரியவர்களுக்கென்றே சொல்வேன். அரிசிச் சோறு, குழைவு, சூடு, மூன்றும் அவர்களுக்குப் பழக்கமானவை. வட இத்தாலியின் போ ஆற்றுச் சமவெளியில் விளைகிற ஆர்போரியோ, கார்னரோலி போன்ற குண்டு அரிசியை வெண்ணெயில் வறுத்து, சூடான சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். அரிசியின் மாவு கரைந்து தானாகக் கொழகொழப்பு வரும். இதற்கு இருபது நிமிடமாவது ஆகும். ஐந்து நிமிடத்தில் வந்தால் முன்னரே பாதி வேகவைத்தது. தட்டைச் சாய்த்தால் மெல்ல அலைபோல் பரவ வேண்டும். உருண்டையாக நின்றால் அது பதம் தப்பிய பொங்கல்.

பீட்சா நாப்போலி முறையில் இருந்தால் 400 டிகிரிக்கு மேல் சூடான விறகடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடும். ஓரம் உப்பி, அங்கங்கே கருகியிருக்கும், நடு மெத்தென்று ஈரமாக இருக்கும். கருகல் குறையில்லை. அந்த நகரத்துக்காரர்கள் மாவைத் தட்டிச் சுடுகிற கலையை 2017-இல் யுனெஸ்கோ மரபுச் செல்வங்களில் சேர்த்தது. முதலில் மார்கெரித்தா சொல்லுங்கள். தக்காளி, மொசரெல்லா, பேசில் மட்டும் இருப்பதால் சமையலறையின் கைத்திறன் அதில் ஒளிய முடியாது.

டிரஃபிள் என்கிற நிலத்தடிக் காளானின் மணமுள்ள எண்ணெய் ஊற்றியது என்று கூடுதல் விலை போட்டிருந்தால் விட்டுவிடலாம். அந்த எண்ணெய்களில் பெரும்பாலானவற்றின் மணம் செயற்கை. இரண்டாம் தட்டில் அதிகம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முழு மீனை எலுமிச்சையும் எண்ணெயும் விட்டுச் சுட்டது இருந்தால் சொல்லுங்கள், எந்த ஊர் மீன், என்று வந்தது என்று கேட்ட பிறகு.

காரம் போதவில்லை என்று அப்பா சொன்னார். மிளகாய் ஊறவைத்த எண்ணெய் கேட்டோம், வந்தது. தெற்கு இத்தாலியில் அப்படிச் சாப்பிடுகிறவர்கள் நிறைய. தக்காளியும் மிளகாயும் அவர்களுக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான், நமக்கும் அப்படியே. நம் சேலத்து ஜவ்வரிசிக்கு வேரான மரவள்ளியும் அங்கிருந்துதான் வந்தது.

கையும் கரண்டியும்

துணியை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். கரண்டிகள் நிறைய இருந்தால் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாக எடுப்பது முறை. இடப்பக்க ரொட்டித் தட்டு உங்களுடையது, வலப்பக்கத் தண்ணீர் உங்களுடையது.

ஸ்பகெத்தியைக் கத்தியால் வெட்ட வேண்டாம். நான்கைந்து இழைகளை மட்டும் முள்கரண்டியில் கொத்தி, தட்டின் ஓரத்தில் ஊன்றிச் சுழற்றினால் சின்னப் பந்தாக வரும். நிறைய எடுத்தால்தான் தொங்கும். குழந்தைகளுக்கும் கை நடுங்குகிறவர்களுக்கும் பென்னே சொல்லிவிடுங்கள்.

இடது கையால் வாய்க்கு எடுத்துப்போவது அம்மாவுக்கு ஒப்பவில்லை. அதற்கு வழி உண்டு. வலக்கையில் கத்தி பிடித்து நறுக்கி முடித்து, கத்தியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, முள்கரண்டியை வலக்கைக்கு மாற்றிக்கொள்ளலாம். பீட்சாவைக் கையால் எடுத்து மடித்துச் சாப்பிடுவது நாப்போலியிலேயே வழக்கம். இடையில் நிறுத்தினால் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் கூரை போலச் சாய்த்து வையுங்கள். முடிந்துவிட்டால் இரண்டையும் பக்கம் பக்கமாகச் சேர்த்து வையுங்கள். இது தெரியாமல் பாதித் தட்டு எடுத்துப் போகப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இனிப்பும் காபியும்

இரண்டு பேருக்கு ஒரு இனிப்பு போதும். கோடையில் சேலத்து மல்கோவாவை வைத்து ஏதாவது செய்திருந்தால் மெனுவில் மற்றதைப் பார்க்கவே வேண்டாம்.

இத்தாலியில் கப்புச்சீனோ காலையில் குடிப்பது. சாப்பாட்டுக்குப் பின் எஸ்பிரெசோ, 30 மில்லி அளவுக்குச் சின்னக் கோப்பையில். சிக்கரி கலந்த டிகாஷனில் பழகிய நாக்குக்கு முதல் வாய் கசப்பாகத்தான் இருக்கும். கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கலக்குங்கள், இத்தாலியர்களும் போடுவார்கள். ஏற்காட்டில் இருக்கும்போது, இது இந்த மலைக் காபிதானா என்று கேளுங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அந்த மலையில் உட்கார்ந்து பாக்கெட்டில் வந்த வேறு ஊர்க் காபியைக் குடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பாலில்லாமல் முடியாது என்பவர்களுக்கு அஃபொகாத்தோ, வனிலா ஜெலாத்தோவின்மேல் சூடான எஸ்பிரெசோ ஊற்றியது. அப்பா இரண்டு முறை கேட்டு வாங்கினார்.

பில்

வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில், நீங்கள் சொல்லாதது எதுவும் ஏறியிருக்கிறதா. அடுத்து ஜிஎஸ்டி. தனி உணவகங்களில் 5 சதவீதம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டுகிற பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கிற உணவகங்களில் 18 சதவீதம். 6,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு முதலாவதில் 300, இரண்டாவதில் 1,080. மேசை சொல்லும்போதே இதைக் கேட்டுவைத்தால் கடைசியில் முகம் மாறாது.

மூன்றாவது சேவைக் கட்டணம். இது வரி இல்லை. பில்லில் தானாகச் சேர்க்கவோ கட்டாயப்படுத்தவோ கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. போட்டிருந்தால் “இதை எடுத்துடுங்க” என்று அமைதியாகச் சொல்லலாம். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915. அதே சமயம், நன்றாகக் கவனித்தவருக்குக் கையில் தனியாகக் கொடுங்கள். பச்சைப் புள்ளி பாக்கெட்டை எடுத்துவந்து காட்டிய பையனுக்கு அம்மாவே கூப்பிட்டுக் கொடுத்தார்.

மிஞ்சிய பீட்சாவைக் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், மறுநாள் தோசைக்கல்லில் மூடிவைத்துச் சூடாக்கினால் நன்றாக இருக்கும். பாஸ்தாவும் ரிசோத்தோவும் ஆறினால் கட்டியாகிவிடும், அங்கேயே முடித்துவிடுங்கள். இறங்கும்போது பனி இறங்கியிருந்தால் அவசரப்படாமல் இரண்டாவது கியரிலேயே வாருங்கள். நாங்கள் வீடு சேரும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. கிளம்பும் முன்பே ஒரு டப்பாவில் தயிர்சாதம் பிசைந்து வைத்திருந்தேன், அப்பாவுக்கு அது இல்லாமல் தூக்கம் வராது என்று. அப்பா அதைத் தொடவில்லை, காலையில்தான் சாப்பிட்டார்.